கோல் சங்கு

என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு கோல்கீப்பர் கையுறை கிடக்கிறது. வலது கைக்கானது மட்டும். ஒரு காலத்தில் பளிச்சென்ற மஞ்சள்; இப்போது பழைய வெந்தயத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. உள்ளங்கைப் பக்கத்து ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து புடவை மடிப்புகளில் ஒட்டிக்கொள்கிறது. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அதைத் தட்டிவிட்டுத்தான் கட்டுகிறேன். ஆனாலும் கையுறையை வேறு இடத்தில் வைக்க மனம் வரவில்லை. மேட்ச் இருக்கும் நாளில் மட்டும் அது என் கைப்பைக்கு இடம் மாறும், கூடவே ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும். ஸ்டேடியம் வாசலில் பாட்டிலைப் பிடுங்கப் பார்ப்பார்கள். பிரஷர் மாத்திரை போடவேண்டும் என்று வாதாடி உள்ளே கொண்டுபோய்விடுவேன். மாத்திரை உண்மை, பிரஷரும் உண்மை. தண்ணீர் மட்டும் அதற்கில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. சிலிண்டரை மூடிவிட்டுப் படுத்தபிறகும் எழுந்துபோய்த் திருகிப் பார்ப்பவள். மழை இருட்டினாலே டிவி ஒயரைப் பிடுங்கிவைப்பவள். என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்களைச் சிரிக்கவைப்பார். அவருக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. எதற்கும் அசராத மனிதர். இப்படிப்பட்ட எனக்குப் போய், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்கு மில்லில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அதோடு நிற்காமல், மில்லின் அபாயச் சங்கை ஊதும் சிவப்புப் பொத்தானும் என் மேசைக்கே வந்து சேர்ந்தது. சங்கு நிர்வாகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், என் தலைக்கு நேர் மேலே இருந்தது. அழுத்தினால் என் பல் வரிசை அதிரும். சுற்றுப்பட்டுக் கம்பெனிகளில் அவ்வளவு சத்தமான சங்கு வேறு யாரிடமும் இல்லை. அதனால் எந்தக் கம்பெனியில் தீப்பிடித்தாலும், எங்கே வாயு கசிந்தாலும், எனக்குத்தான் போன் வரும், நான்தான் ஊதவேண்டும் என்று கம்பெனிகளுக்குள் ஓர் ஏற்பாடு.

இப்போது தமிழ்நாடே பார்க்கிற கால்பந்து கிளப் அந்த மில்லில்தான் பிறந்தது. கிளப்பின் வரலாறும் சாதனைகளும் என்று வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதில் முதல் பக்கத்திலிருந்தே எல்லாம் வெற்றிதான். உண்மையில் அது உலைக்களத்து ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து, கசடு கொட்டி நிரவிய மேட்டில், வெறுங்காலோடு உதைத்துக்கொண்டிருந்த பந்து. எங்கள் பெரிய மேனேஜருக்குக் கால்பந்துப் பைத்தியம். அவர்தான் மண்ணடித்து மைதானமாக்கி, கோல்போஸ்ட் குழாய்களை மில்லிலேயே வெல்டிங் வைத்து நட்டு, வியாசர்பாடியிலிருந்தும் பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்தும் ஆட்களைத் தேடிப்பிடித்து வேலை கொடுத்தார். காலையில் மில் வேலை, மதியத்துக்குமேல் பயிற்சி. மாவட்டக் கோப்பை வந்தது. பிறகு சென்னை லீகின் கடைசி டிவிஷன். அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே. எங்கள் ஆட்கள் மஞ்சள் பனியன் போட்டு ஆடினார்கள். மேட்ச் நாளில் நாங்கள் குடியிருந்த மில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அத்தனையும் மஞ்சளில்தான் திரியும்.

கோல் போட்டால் சங்கு ஊதவேண்டும் என்பது பெரிய மேனேஜரின் யோசனை. மைதானத்துக்கு வரமுடியாமல் உலையில் நிற்பவனுக்கும் சேதி போகவேண்டுமாம். மைதானத்தில் மைக் பிடிப்பவர் இன்டர்காமில் "கோல் மேடம்!" என்று கத்துவார், நான் பொத்தானை அழுத்துவேன். என் ஜன்னலிலிருந்து மைதானம் தெரியாது. மில்லின் பழைய கொட்டகை மறைக்கும். நான் ஒரு கோலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை, அத்தனை கோலையும் ஊதியவள் மட்டும் நான். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. கோலுக்கு ஒரே ஒரு சின்ன ஊதல். ஆபத்துக்கு விட்டு விட்டு நீளமாக. ஆனால் டீம் ஜெயிக்க ஜெயிக்கச் சின்ன ஊதல் யாருக்கும் போதவில்லை. ஒருநாள் பெரிய மேனேஜரே இன்டர்காமில் வந்து, "இன்னாம்மா, சாவு வூட்டு மாதிரி ஒரு தபா ஊதிட்டு வுட்டுட்ட? விட்டு விட்டு நல்லா அடிம்மா!" என்றார். அடித்தேன். குவார்ட்டர்ஸில் பட்டாசு வெடித்தார்கள். அன்றிலிருந்து கோலுக்கும் அபாயத்துக்கும் ஒரே சங்குதான்.

எது கோல், எது ஆபத்து என்று இனி யாருக்குத் தெரியும்? சேஃப்டி ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், வேலையில் கெட்டிக்காரர், ஆனால் அவரும் மஞ்சள் பனியன்காரர். பக்கத்து இறால் கம்பெனியில் குளிர்பதனத்துக்கு அம்மோனியா வைத்திருந்தார்கள், என் பயமெல்லாம் அதன் மேல்தான். "அம்மோனியாவுக்கு சங்கே வாணாம் மேடம், மூக்கே ஊதிடும்" என்று சிரித்தார். பிறகு ஒரு மாதம் அபாய ஒத்திகை வந்தது. நான் விதிப்படி சங்கு ஊதினேன். குவார்ட்டர்ஸ் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கவேண்டும் என்பது ஒத்திகை. ஆனால் பிள்ளைகளெல்லாம் மைதானத்துக்கு ஓடி, ஆளில்லாத மைதானத்தில் ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வந்தன. என் மகளும் அதில் இருந்தாள், அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. ஆபீசர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடியதற்குக் காரணம் கீப்பர். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பம் அவருக்கு. மில்லில் ஸ்டோர் அட்டெண்டர், டீமில் கோல்கீப்பர். நெடுநெடுவென்று உயரம், வலை இழுத்து உரமேறிய தோள், பேச்சு மட்டும் மெல்லிசு. எங்கள் ஆட்கள் கோல் போட்டால் மற்ற பத்துப் பேரும் எதிர்ப்பக்கத்தில் கட்டிப்பிடித்துப் புரள்வார்கள். இவர் மட்டும் இந்தக் கோடியில் தனியாக நிற்பார். அந்தத் தனிமையைப் பார்த்தோ என்னவோ, பிள்ளைகள் சங்கு கேட்டதும் ஓடிவந்து இவர் கோலுக்குப் பின்னால் கூடிவிடும். வலைக்கு அந்தப் பக்கம் அவை ஆட, இந்தப் பக்கம் இவர் இடுப்பில் கைவைத்து ஒரு குப்பத்து ஆட்டம் ஆடுவார். பாதிநேரத்துக்குப் பிறகு அவர் எதிர்க் கோலுக்கு மாறினால் பிள்ளைகளும் அந்தக் கோடிக்கு ஓடும். வேறு எந்த ஊர் டீமிலும் கீப்பரைச் சுற்றி இப்படி ஒரு திருவிழா நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஒத்திகைக்கு மறுநாள், ஸ்டோர் கணக்குப் பேச போன் போட வந்தவர், பேசி முடித்தபிறகும் கதவருகே நின்றார். "மேடம், நெஜமாலுமே ஒருநாளு ஊதுனீங்கன்னா இதுங்க இன்னா பண்ணுங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க இன்னொரு ஆள் இருக்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தைரியசாலிக்குக்கூடப் பயமா என்றேன். "கீப்பர் வேலையே பயப்படறதுதான் மேடம். மத்தவனெல்லாம் கோல் போடறதப் பத்தி நெனச்சிக்கினு இருப்பான். நான் ஒர்த்தன்தான் வாங்கிடுவோமோன்னு நெனச்சிக்கினு நிக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு பயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. அவர் மேட்ச் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் காற்றின் திசை காட்ட மில் கூரைமேல் பறக்கும் காற்றுப்பையை அண்ணாந்து பார்ப்பதாக மைக்காரர் கேலி செய்வார். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்க்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் என் ஜன்னல் வழியே அதே காற்றுப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மேட்சில் ஜெயித்தால் முதல் டிவிஷன். எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். கூட்டம் எகிறிவிட்டது, ஆரணியிலிருந்தெல்லாம் வேன் வைத்து வந்திருந்தார்கள். என் கணவர் வள்ளூரில் பகல் ஷிஃப்ட். மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். மைதானத்துக்குக் கிழக்கே இறால் கம்பெனியின் மதில், மேற்கே குவார்ட்டர்ஸ், தெற்கே எங்கள் மில், வடக்கே ஏரி. சாயந்தரமானால் கடல்காற்று கிழக்கிலிருந்து கிளம்பும். இறால் கம்பெனியைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, நேராகக் குவார்ட்டர்ஸுக்குள் நுழையும். ஏப்ரல் வெயிலில் அதுதான் எங்களுக்கு வரம். அன்றைக்கும் காற்றுப்பை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நன்றாக விறைத்து நின்றது. பாதிநேரம் முடிந்தும் கோல் விழவில்லை. கீப்பர் இப்போது கிழக்குக் கோடியில், இறால் கம்பெனி மதிலுக்குக் கீழே நிற்கிறார் என்று மைக்காரர் சொல்லிக்கொண்டிருப்பது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

போன் அடித்தது. இறால் கம்பெனி. ஒரு ஆள் இருமிக்கொண்டே, "லைன் புட்டுக்கிச்சி மேடம், அம்மோனியா, சங்கு ஊதுங்க, ஊதுங்க" என்றான். பின்னால் பெண்கள் அலறும் சத்தம். நான் சேஃப்டி ஆபீசருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். விட்டு விட்டு, நீளமாக, எனக்குக் கற்றுக்கொடுத்தபடி. இரண்டாவது ஊதலுக்கும் மூன்றாவது ஊதலுக்கும் இடையில் அது கேட்டது. பட்டாசு. குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து சரம் சரமாகப் பட்டாசு. அதற்கு மேல் பிள்ளைகளின் கூச்சல்.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாகப் பயந்தது நடக்கும்போது ஒரு திடுக்கிடல்கூட வராது போலிருக்கிறது. உடம்பு அப்படியே கட்டையாகிவிடும். நான் ஊதுகிற சங்கு என் மகளை வீட்டைவிட்டு வெளியே கூப்பிடுகிறது. அவள் மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு கீப்பர் நிற்கும் கோலை நோக்கி, அதாவது நேராக இறால் கம்பெனி மதிலை நோக்கி ஓடுகிறாள். ஊதாவிட்டால் ஊரே தெரியாமல் கிடக்கும். ஊதினால் பிள்ளைகள் புகைக்குள் போகும். கையை எடுத்துவிட்டேன். மைதானத்து இன்டர்காமுக்கு அடித்தேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்த மைக்காரர் கோபமாக, "இன்னா மேடம் நீங்க, கோலே வுழல, எதுக்கு சங்கு ஊதுறீங்க? ஆட்டத்தையே பேஜாரு பண்றீங்க!" என்றார். அம்மோனியா என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. இரண்டாம் முறை கத்தினேன். மூன்றாம் முறை என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. அதற்குள் அவர் மூக்குக்கே வாடை வந்திருக்கவேண்டும். இன்டர்காமைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அடுத்து ஒலிபெருக்கியில் அவர் குரல், "மில் கேட்டுக்கு ஓடுங்க, எல்லாம் மில் கேட்டுக்கு ஓடுங்க" என்று உடைந்துபோய் வந்தது.

அதற்கு முன் மைதானத்தில் நடந்ததைப் பிற்பாடு பலர் வாயால் கேட்டேன். சங்கு ஊதியதும், ஆபரேட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கூட்டம் சிரித்ததாம். ஆட்டம் நிற்கவில்லை. கீப்பர் மட்டும் தலையைத் தூக்கிக் காற்றுப்பையைப் பார்த்தார், திரும்பி மதிலைப் பார்த்தார், பிறகு தன்னை நோக்கிச் சிரித்துக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகளைப் பார்த்தார். கோலைத் திறந்து போட்டுவிட்டு மைதானத்துக்குக் குறுக்கே ஓட ஆரம்பித்தார். முதல் டிவிஷன் கனவில் இருந்த கூட்டம் அவர் குடும்பத்தையே இழுத்துத் திட்டியது. எதிரணிக்காரன் ஒருவன் காலியான கோலுக்குள் பந்தைத் தட்டிவிட்டான், நடுவரும் விசில் ஊதிவிட்டார். ஆக, அன்றைக்குச் சங்கு ஊதியபோது நிஜமாகவே ஒரு கோல் விழுந்தது. எங்களுக்கு எதிராக விழுந்தது, அவ்வளவுதான். அதைக் கொண்டாடக்கூட அந்தப் பையனுக்கு நேரம் கிடைக்கவில்லை. மதிலுக்கு மேல் வெள்ளையாக ஒன்று எழும்பி, காய்ச்சிய பால் பொங்கி வழிவதுபோல் இந்தப் பக்கம் வழிந்தது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சேஃப்டி ஆபீசர் போகிற போக்கில், "மேடம், போர்டை வுட்டு எழுந்துடாதீங்க, ஆம்புலன்ஸ், ஃபயர் எல்லாம் உங்க லைன்லதான் வரணும்" என்று சொல்லிவிட்டு ஓடினார். தெற்கே இருந்த எங்கள் கட்டடத்துக்குக் காற்று வரவில்லை. கண் லேசாக எரிந்ததோடு சரி. பத்திரமாக உட்கார்ந்திருந்தேன். அதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. டெலிபோன் போர்டில் ஒவ்வொரு விளக்காக எரிந்தது, ஒவ்வொன்றாக எடுத்தேன். தீயணைப்பு வண்டிக்கு வழி சொன்னேன். ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். யாரோ ஒருவர் குவார்ட்டர்ஸ் முழுக்க வெள்ளையாக இருக்கிறது, உள்ளே போக முடியவில்லை என்றார். அதை அப்படியே அடுத்தவருக்குச் சொன்னேன், ஏதோ வானிலைச் செய்தி படிப்பவள்போல. பக்கத்து வீட்டு அக்கா மில் கேட்டுக்கு வந்துவிட்டார் என்று செக்யூரிட்டி சொன்னான். பாப்பா கூட இருக்கிறாளா என்று கேட்டேன். "இல்ல மேடம். சங்கு ஊதுனவுடனே ஓடிட்ச்சாம்" என்றான். அவன் குரலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. ஆனாலும் அந்தச் சொற்றொடர் இன்றும் சில விடியற்காலைகளில் என் காதில் வந்து எழுப்புகிறது.

கடைசியில் நெடுஞ்சாலைப் பக்கத்துப் பெட்ரோல் பங்கிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. "யம்மா, உங்க மில்லு புள்ளைங்க ஒரு கும்பலா ஏரியாண்ட கீதுங்க. யாராச்சும் வந்து இட்டுக்கினு போங்க." மஞ்சள் கவுன் போட்ட பெண் குழந்தை இருக்கிறதா, ஒன்றாம் வகுப்புப் படிக்கும், முன் பல் விழுந்திருக்கும் என்று கேட்டேன். அந்த மனிதர் ஒரு கணம் எட்டிப் பார்த்திருக்கவேண்டும். "எல்லாமே மஞ்சளாத்தாம்மா கீது" என்றார். நான் போர்டை விட்டு எழுந்தேன். யாரைக் கேட்டேன், யார் உட்கார்ந்தார்கள், எந்த வண்டியில் ஏறினேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. வண்டி ஓட்டியவர் ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். நான் தெரிந்த சாமியையெல்லாம் மறந்துவிட்டு, "எல்லாமே மஞ்சள், எல்லாமே மஞ்சள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தன. பொய் சொல்லவில்லை, இடுப்பில் கைவைத்து அந்தக் குப்பத்து ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தன. சிலவற்றுக்குக் கண் சிவந்து தண்ணீர் கொட்டியது, இருமல் வேறு, அப்படியும் ஆட்டம் நிற்கவில்லை. ஒன்று கிழிந்த பனியன் துண்டை மூக்கில் கட்டியிருந்தது, இன்னொன்று முழங்கால் காலுறையை. கும்பலிலிருந்து ஓடிவந்த ஒரு உருவத்துக்கு முகமே இல்லை, முகம் இருக்கவேண்டிய இடத்தில் சொட்டச் சொட்ட நனைந்த ஒரு பெரிய கையுறை. அதை இறக்கிவிட்டு என் மகள் ஓட்டைப் பல் தெரியச் சிரித்தாள். "அம்மா! கோலு! இன்னிக்கி ஏரியில கொண்டாட்டம்னு அங்கிள் சொன்னாரு!" நான் அவளைத் தூக்கியபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகளிடம் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்கிறார்: கோல். ஆபத்து என்று கத்தியிருந்தால் அவை பயந்து சிதறி வீட்டுக்குத்தான் ஓடியிருக்கும், காற்றுப் போகிற வழியிலேயே, காற்றுக்கு முன்னால். இவர் கையைத் தட்டி, "கோலுடா! ஓடியாங்க, ஏரியாண்ட போய் ஆடலாம்! யாரு ஃபர்ஸ்ட்டு?" என்று காற்றுக்குக் குறுக்கே வடக்காகத் திருப்பிவிட்டார். கோலுக்குப் பின்னால் ஆட்டக்காரர்களுக்கு வைத்திருந்த தண்ணீர்க் கேனை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, ஓடும்போதே தன் பனியனையும் காலுறையையும் கையுறையையும் நனைத்து நனைத்துக் கொடுத்திருக்கிறார், முகத்தை மூடிக்கொண்டு ஓடுவதுதான் இன்றைய பந்தயம் என்று. பாதி வழியில் வெல்டரின் கடைசிக் குழந்தை செருப்பு கழன்றுவிட்டதென்று நின்றுவிட்டது. மற்றவற்றை முன்னால் அனுப்பிவிட்டு இவர் திரும்பிப் போனார். அப்போது அவரிடம் அம்மோனியாவைத் தடுக்க நனைத்துக் கட்டிக்கொள்ளத் துணி எதுவும் மிச்சமில்லை.

நான் பார்த்தபோது அவர் ஏரித் தண்ணீரில் முகத்தை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சு இழுக்கும்போது மரம் அறுப்பதுபோல் சத்தம் வந்தது. என் குரலை அடையாளம் கண்டு தலையைத் திருப்பினார். "பயப்படாதீங்க மேடம்" என்றார். கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். "கோலுன்னு சொல்லி இட்டாந்துட்டேன்." நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அவர் என்னைவிடச் சின்னவர். யாரோ தொடுகிறார்கள் என்று மட்டும் தெரிந்து, காலை இழுத்துக்கொண்டார்.

யாரும் சாகவில்லை. இறால் கம்பெனிப் பெண்கள் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறினார்கள். கீப்பருக்குப் பார்வை ஒருவாறு திரும்பியது, நுரையீரல் திரும்பவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குபவர் எப்படிக் கோலுக்குப் பாய்வார்? அவர் அதற்குப் பிறகு ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. கைவிடப்பட்ட ஆட்டத்தைச் சென்னையில் மறுபடி வைத்தார்கள். மாற்றுக் கீப்பரோடு போய் ஜெயித்து வந்தார்கள். ஜெயித்த சேதி என் போனுக்குத்தான் முதலில் வந்தது. பொத்தான் மேசையில் இருந்தது, நான் அதைத் தொடவில்லை, யாரும் தொடச் சொல்லவும் இல்லை. எங்கள் டீம் முதல் டிவிஷனுக்குப் போன அன்று சிப்காட் அமைதியாக இருந்தது. பெரிய மேனேஜர் என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பொத்தானைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு சாதனைகள் வரிசையாக வந்தன. மாநிலக் கோப்பை வந்தது. மில் கைமாறியபோது டீமை ஒரு பெரிய வியாபாரக் குடும்பம் வாங்கி முழுநேரத் தொழில்முறை கிளப்பாக்கியது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள், வெளிநாட்டுப் பயிற்சியாளர் வந்தார், தொலைக்காட்சி வந்தது. புதியவர்கள் பழைய கதைகளைத் தோண்டியபோது சங்கு அவர்கள் கையில் கிடைத்துவிட்டது. இப்போது கிளப்பின் சின்னத்திலேயே சங்கு இருக்கிறது, ரசிகர்கள் தங்களைச் சங்குப் படை என்கிறார்கள். கோல் விழுந்தால் ஸ்டேடியத்து ஒலிபெருக்கிகளில் ஒரு மில் சங்கு விட்டு விட்டு ஊதுகிறது. உழைப்பாளர்களின் உற்சாகக் குரல் என்று அந்த வழவழப்பான புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். அம்மோனியா பற்றி ஒரு வரி இல்லை. எழுதிய பிள்ளைக்குத் தெரிந்திருக்காது, பாவம். கீப்பரின் பெயர் பழைய ஆட்டக்காரர்கள் பட்டியலில் நடுவில் எங்கோ இருக்கிறது.

என் மகள் சங்குப் படையில் இருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். வளர்ந்தபிறகு உட்காரவைத்துச் சொன்னேன். "கேஸ்னு தெரியும்மா. ஆனா கண்ண மூடினா அது கோல்தான்" என்கிறாள். அவள் சின்ன வயதின் மிகச் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வாள். அவளுக்குள் அப்படியொரு கொண்டாட்டத்தை நட்டுவைத்துவிட்டார் அந்த மனிதர். பயம் முழுவதும் எனக்கு வந்துவிட்டது. பங்கு பிரித்ததில் நான் குறை சொல்லமாட்டேன்.

போன மாதம் ஒரு மேட்சுக்குக் கீப்பரையும் அழைத்துப் போனோம். படி ஏற முடியாது என்பதால் மகள் சண்டை போட்டுக் கீழ் வரிசையில் இடம் வாங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு, கீப்பர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கோல் விழுந்தது நான் பார்க்காத நேரம். சங்கு ஊதியது. மொத்த ஸ்டேடியமும் எழுந்தது, என் மகள் எழுந்து இடுப்பில் கைவைத்து ஆடினாள். என் தலை தானாக மேலே திரும்பியது. கூரையோரக் கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று தேடினேன். கை பைக்குள் போய்க் கையுறையைப் பிடித்துக்கொண்டது. மற்றக் கை பாட்டில் மூடியைத் திருகிவிட்டது.

அவர் பார்த்துவிட்டார். என் முழங்கையைத் தொட்டு, கூச்சலுக்கு மேலாகக் குனிந்து சொன்னார்.

"கோலுதான் மேடம். பயப்படாதீங்க."

அன்றைக்கும் அவர் இதையேதான் சொன்னார். நான் கையுறையை நனைத்து மடியில் வைத்துக்கொண்டேன், சங்கு நிற்கும்வரை கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.